ராத்தாவின் அளவு

கையிலிருந்தே தொடங்குகிறேன். அந்தக் கையை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுதினால் சம்மாந்துறையில் ஒருவரும் நம்பமாட்டார்கள். மணிக்கட்டு வரை ஒயில் ஊறிக் கறுத்த கை. பெருநாளுக்கு மருதோன்றி போட்டாலும் அந்தக் கறுப்பு அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். அந்தக் கையால் அடி வாங்காத உழவு மெசின்காரன் எங்கள் ஊரில் குறைவு. "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவான்" என்று யாராவது சொன்னால், "ராத்தாட அடியா, மத்த அடியா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, அவர் காதில் விழுந்துவிட்டதோ என்று ரோட்டைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவர் என் மனைவியின் மூத்த சகோதரி. எனக்கு மதினி முறை. ஊரே ராத்தா என்றதால் நானும் ராத்தா என்றே கூப்பிட்டேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்ப் புகுவான். நான் புகுந்த வளவில் என் மனைவிக்கு ஒரு வீடு, ராத்தாவுக்கு ஒரு வீடு. ராத்தா வீட்டின் முன்பக்கம் ரோட்டைப் பார்த்தபடி ஒயில் கடை. பெயருக்கு அது அவருடைய கணவரின் கடை. அந்த மனிதருக்கு இழுப்பு நோய். கதிரையில் உட்கார்ந்து மூச்சு விடுவதே அவருக்கு முழுநேர வேலையாக இருந்தது. பெரல் உருட்டுவது, கலப்பது, விற்பது, அடிப்பது எல்லாம் ராத்தாதான்.

என் கலியாணம் முடிந்து மூன்றாம் நாள், ஒரு மெசின்காரன் டின்னோடு வந்து ஒயில் சரியில்லை என்று சத்தம் போட்டான். ராத்தா டின்னை வாங்கி முகர்ந்து பார்த்தார். விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். "மண்ணெண்ணெய் கலந்தது ஆரு?" என்று கேட்டார். அவன் பதில் சொல்வதற்குள் டின் அவன் வாயில் விழுந்தது. முன்பல் ஒன்று தெறித்து, கவுண்டரில் இருந்த புனலுக்குள் விழுந்து உள்ளே சுற்றியது. ராத்தா அதை எடுத்து, கடதாசியில் மடித்து, இரத்தம் வழிய நின்றவன் கையில் கொடுத்தார். பிறகு புது மாப்பிள்ளையான என் பக்கம் திரும்பினார்.

"சேர், நீங்க ஏ லெவலுக்குக் கெமிஸ்ட்ரி படிப்பிக்கிறீங்களாம். ஒண்டு சொல்லுங்க. ஒயிலுக்குள்ள புளிப்பு விழுந்தா இரும்பு ஏன் வழுக்குது?"

புனலைப் பார்த்தபடி ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். பயத்தில் பாதி, வெட்கத்தில் பாதி. அப்படி ஒரு கேள்வியை என் மாணவர்கள் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

அவருக்கு அது தெரியவந்தது ஒரு தவறினால். காறிப் புளித்துப்போன தேங்காயெண்ணெய் கொஞ்சம் தெரியாமல் ஒரு ஒயில் டின்னுக்குள் விழுந்திருக்கிறது. அதை வாங்கிப் போனவன் அடுத்த வாரம் வந்து, "அதே ஒயில்தான் வேணும்" என்று நின்றான். வேறு யாராக இருந்தாலும் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். இவர் ஒரு இரும்புப் பலகை செய்தார். அதன் மேல் வைக்க உள்ளங்கை அளவில் ஓர் இரும்புக் கட்டி. பலகையின் ஓரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாகைமானி ஒன்றைக் கம்பியால் கட்டினார். இரும்பைச் சாம்பல் போட்டுத் துடைத்து, ஒரு சொட்டு ஒயில் விட்டு, கட்டியை வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துவார். எத்தனை பாகையில் கட்டி வழுக்குகிறது என்று பார்ப்பார். வெறும் ஒயிலில் கட்டி பிடித்துப் பிடித்து, கிறீச்சென்று கத்திக்கொண்டு இறங்கும். புளிப்பு விழுந்த ஒயிலில் பலகை கொஞ்சம் சாய்ந்தவுடனேயே சத்தமில்லாமல் வழுக்கும்.

அந்தப் புளிப்பின் பெயர் கொழுப்பமிலம் என்று சொன்னேன். அது ஒரு நீளமான மூலக்கூறு, ஒரு முனைதான் அமிலம், அந்த முனை இரும்பைக் கடித்துக்கொள்ளும், மிச்ச உடல் மேல்நோக்கி நிற்கும். பள்ளிவாசலில் தொழுகைக்கு ஸஃப்புக் கட்டுகிற மாதிரி தோளோடு தோள் நிற்கும். மேலே உள்ள இரும்பிலும் அப்படியே ஒரு வரிசை. இரும்பும் இரும்பும் தொடவிடாமல் நடுவில் இந்த வரிசைகள் நிற்கின்றன.

"அப்ப கடிச்சாத்தான் நிப்பான்" என்றார்.

"ஓம் ராத்தா."

இரண்டு மாதம் கழித்து, நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்த வகுப்பு வாசலில் வந்து நின்றார். கையில் குரோம் பூசிய ஒரு கம்பி. "சேர், நீங்க சொன்னது பொய். இதில ஒரு மாத்தமும் இல்ல. எவ்வளவு போட்டாலும் கத்துது." நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குரோம் அமிலத்தைக் கடிக்கவிடாது என்று சொன்னேன். அவர் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரிதான். மூஞ்சி மினுக்கிக்கிட்டு ஒட்டாமத் திரியிறவன்" என்று சொல்லிவிட்டுப் போனார். குரோமைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா என்று பிள்ளைகள் ஒரு மாதம் பட்டிமன்றம் நடத்தினார்கள்.

பிறகு கல்முனையில் சவுக்காரம் செய்கிற ஒருவரிடமிருந்து அந்த அமிலத்தை வெள்ளைத் தூளாகவே வாங்கப் பழகினார். ஒரு பெரல் ஒயிலுக்கு டின்பால் வந்த தகரப் பேணியால் ஒரு பேணி. தூளைச் சட்டியில் கொஞ்ச ஒயிலோடு உருக்கி, பிறகு பெரலுக்குள் ஊற்றுவார். பேணியின் விளிம்புக்கு மேல் ஒரு துகள் நின்றாலும் விரலால் வழித்துவிடுவார். "ஸஃப்பு நிரம்பினாப் பொறகு வாறவனுக்கு நிக்க எடமில்ல. அவன் ஒயிலுக்குள்ள அலைவான். அலையிறவன் பித்தளையைத் தின்பான்" என்பது அவர் கணக்கு. நான் கற்றுக்கொடுத்ததைவிட அவர் தானாகக் கண்டுபிடித்தது அதிகம்.

அதனால் ஒவ்வொரு பெரலுக்கும் செம்பு பார்ப்பார். பழைய கேத்தல் ஒன்றை வெட்டி எடுத்த செப்புத் துண்டைப் பளபளவென்று தேய்த்து, அந்த ஒயில் நிரம்பிய போத்தலுக்குள் தொங்கவிட்டு, சுடுநீரில் இரண்டு நாள் வைத்திருப்பார். செம்பு பச்சை பிடித்தால் பெரல் முழுவதும் மண்ணுக்கு. ஒருநாள் என் மனைவி அழுக்குப் போத்தல் என்று நினைத்து அதைக் கழுவிவிட்டாள். ராத்தா ஒரு கேள்வியும் கேட்காமல் அறைந்தார். முப்பது வயதுப் பெண்ணுக்கு, புருசன் பார்த்திருக்க, உதடு கிழிந்தது. நான் வாசலில் நின்றேன். வாய் திறக்கவில்லை. அன்று இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் ராத்தா மேல் இருந்த கோபம் கொஞ்சம்தான். மிச்சம் முழுவதும் என் மேல். எனக்கு ராத்தாவைப் பிடித்தும் இருந்தது, கண்ணில் காட்டவும் ஏலாமல் இருந்தது.

ராத்தாவின் கணவர் மௌத்தானது பெரும்போக நெல் வெட்டுத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு. வயலில் வெட்டு மெசின்கள் இறங்கும், மில்கள் இரவு பகலாக ஓடும், ஒயில் கடைக்கு மூச்சுவிட நேரமிராது. ராத்தாவோ இத்தாவில் உட்கார்ந்துவிட்டார். புருசன் இறந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, வீட்டுக்குள் இருக்க வேண்டும். பிற ஆண்களின் கண்ணில் படக்கூடாது. தங்கச்சி புருசனும் பிற ஆண்தான். கடையை நடத்த என்னைத் தவிர ஆளில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நான் போய்க் கலப்பேன். கடைக்கும் அவருடைய அறைக்கும் நடுவில் ஒரு சீலைத் திரை. அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வரும்.

"சேர், உரசிக் காட்டுங்க."

நான் கட்டியைப் பலகையில் வழுக்கவிடுவேன். அது அடியில் வந்து முட்டுகிற சத்தத்தைக் கேட்டே பாகையைச் சொல்லிவிடுவார். "நல்லம். பேணி வழிச்சீங்களா?" "வழிச்சேன் ராத்தா." "செம்பு?" "பாத்தேன் ராத்தா. மாறல்ல."

முதல் இரண்டு பெரலுக்கு அது உண்மை. மூன்றாவது பெரலில் எனக்குப் படித்தவனின் கொழுப்பு ஏறியது. ஒரு பேணியில் இவ்வளவு வழுக்கினால் மூன்று பேணியில் என்ன ஆகும் என்று பார்த்தேன். அரைப் பாகை குறைந்தது. அந்த அரைப் பாகை என் கை நடுக்கமாகவும் இருந்திருக்கலாம். வந்தவர்களிடம் சொன்னேன், இது புது ஒயில் என்று. "ராத்தாட ஒயிலை விட சேர்ட ஒயில் நல்லமே" என்று ஒருவன் சொன்னான். அந்த ஒரு சொல்லுக்காக ஒன்றரை மாதம் மூன்று பேணி போட்டேன். செம்பு பார்க்க இரண்டு நாள் எடுக்கும், வெட்டுக் காலத்தில் யார் காத்திருப்பார்? பித்தளையை அமிலம் தின்னும் என்று கரும்பலகையில் வருடா வருடம் எழுதுகிறவன் நான். திரைக்கு அப்பால் குரல் கேட்கும். "அதே அளவுதானே சேர்?" "அதே அளவுதான் ராத்தா."

உழவு மெசின்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனது ஒரு நெல்லு மில்லில். நெல் அவிக்கிற நீராவி படுகிற இடத்தில், சாஃப்ட்டைத் தாங்குகிற பித்தளை புஷ் ஒன்று. என் ஒயில் அதில் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. நீராவியும் சூடும் மிச்ச அமிலமும் சேர்ந்து அதை உள்ளிருந்து தின்றிருக்கின்றன. ஒருநாள் மத்தியானம், ஓட்டத்திலேயே சாஃப்ட் கீழிறங்கி இறுகியது. பெல்ட் சில்லிலிருந்து பாய்ந்து பக்கத்தில் நின்ற தொழிலாளியின் வலது கையைச் சுருட்டி இழுத்தது. மெசினை நிறுத்துவதற்குள் மூன்று விரல்கள் போய்விட்டன. ஒன்று தவிட்டுக்குள் கிடந்ததாகவும், மற்றவற்றைத் தேடி எடுக்க முடியவில்லை என்றும் சொன்னார்கள். மூன்று பிள்ளைகளின் தகப்பன் அவன். மூட்டை தூக்கிப் பிழைக்கிறவன்.

மில் மெக்கானிக் புஷ்ஷைக் கழற்றினான். உள்ளே பச்சைச் சேறு. அதை ஒரு கடதாசியில் வழித்து எல்லோருக்கும் காட்டியிருக்கிறான்.

அன்று மாலை நான் அஸர் தொழுது வந்த நேரம், விரல் போனவனுடைய மச்சான்மார் நான்கு பேர் கடைக்குள் புகுந்தார்கள். பின்னால் ரோடு நிறைந்த கூட்டம். முதல் அடி என் வாயில். அடுத்தது கம்பியால் முதுகில். சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ரோட்டில் போட்டார்கள். நான் படிப்பித்த ஒருவன் என் வயிற்றில் மிதித்தான், அவன் முகம் இப்போதும் எனக்குத் தெரியும். பச்சைச் சேற்றுக் கடதாசியை என் வாய்க்குள் திணித்தார்கள். "தின்னுடா! தின்னு!" ஒருவன் என் வலது கையைப் பிடித்து ரோட்டில் விரித்து வைத்தான். இன்னொருவன் கடையிலிருந்து பெரிய சுத்தியலை எடுத்து வந்தான். விரலுக்கு விரல் என்று யாரோ கத்தினார்கள்.

அந்தச் சுத்தியலைப் பார்த்ததும் என் வாய் திறந்தது. மனைவியின் உதடு கிழிந்தபோது திறக்காத வாய்.

"நான் இல்ல! அளவு ராத்தாட அளவு! அவ சொன்னதத்தான் போட்ட நான்!"

திரை கிழிகிற சத்தம் கேட்டது. வெள்ளை உடுத்தபடி ராத்தா ரோட்டில் வந்து நின்றார். இத்தாவில் எழுபது நாள்கூட ஆகவில்லை. கூட்டம் ஒரேயடியாக அடங்கியது. பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சுத்தியல் வைத்திருந்தவன் பின்னால் நகர்ந்தான். அவர் என்னை ஒற்றைக் கையால் தூக்கி நிறுத்தி, இடது கன்னத்தில் அறைந்தார். காதுக்குள் ஏதோ கிழிந்தது. அதன்பிறகு அந்தக் காதில் எனக்கு ஒன்றும் கேட்டதில்லை.

"ஒயில் என்ட. அளவு என்ட" என்றார் கூட்டத்தைப் பார்த்து. பிறகு ரோட்டிலேயே சம்மணம் கட்டி உட்கார்ந்து, வலது கையைத் தரையில் விரித்து வைத்தார். "இந்தா கை. அடிங்கடா."

இத்தாவில் இருக்கிற பெண்ணை எவன் தொடுவான்? ஒருவரும் தொடவில்லை. ஆத்திரத்தைக் கடை மேல் காட்டினார்கள். பெரல்களைக் கம்பியால் குத்தினார்கள். ஒயில் ரோட்டில் ஆறாக ஓடியது. இரும்புப் பலகையை எடுத்துக் கல்லில் அடித்து வளைத்தார்கள். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடை பிறகு திறக்கவில்லை. ஊரில் அவர் பெயர் இரண்டு விதமாகக் கெட்டது. ஏழையின் விரலைத் தின்றவள் என்று ஒன்று, இத்தாவை முறித்தவள் என்று மற்றது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வருவதை நிறுத்தினார்கள். கலியாண வீட்டில் அவர் உட்கார்ந்த பாயில் வேறொருத்தி உட்காரமாட்டாள். அந்தத் தொழிலாளியின் வீட்டுக்கு மாதத்தில் ஒருதரம் போய்ப் படலைக்கு வெளியே நிற்பார். அவனுடைய பெண்சாதி ஒருமுறை மீன் கழுவிய தண்ணீரை அவர் மேல் ஊற்றினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். கடை உடைபட்ட நாளுக்குப் பின் அவர் யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. வயதாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எனக்கு ஒரு வசதியான நம்பிக்கை இருந்தது. ராத்தாவுக்கு எல்லாம் தெரியும், தெரிந்துகொண்டே என்னைக் காப்பாற்றினார் என்று. பெரிய மனசு என்று அவருக்காக உள்ளுக்குள் துஆ கேட்டுக்கொண்டேன். துஆ கேட்பது சுலபமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் பகுதித் தலைவரானேன். மூன்று பேணியைப் பற்றி மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை.

ஒன்பது வருடம் கழித்து ஒரு காலையில், சமைக்கிற குசினிக்குப் புது பல்ப் போட்டுத் தரும்படி கூப்பிட்டார். நான் அந்தக் குசினிக்குள் அதுவரை போனதில்லை. யன்னல் ஓரம் முழுவதும் ஒயில் போத்தல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு செப்புத் துண்டு தொங்கியது. ஒவ்வொன்றிலும் அவருடைய கோணல் எழுத்தில் ஒரு சீட்டு. ஒரு கேத்தலிலிருந்து இறப்பர்க் குழாய் வழியாக ஒரு போத்தலுக்கு நீராவி போய்க்கொண்டிருந்தது.

"சேர், நீங்க படிச்ச ஆள், பாருங்க" என்றார். "ஒம்பது வருசமாப் பாக்கிறன். ஒரு பேணிக் கணக்கு. நீராவி விட்டுப் பாத்திட்டன், தண்ணி கலந்து பாத்திட்டன். செம்பு கொஞ்சம் கறுக்குது, பச்சையாகுதில்ல. அவன்ட மில்லுல மட்டும் எப்பிடிப் பச்சையான? நான் எங்க பிழைச்சன் எண்டு தெரியாமலே மௌத்தாகிருவன் போல."

கையிலிருந்த பல்பை மேசையில் வைத்தேன்.

"உங்களுக்குத் தெரியாதா ராத்தா?"

"என்னத்த?"

"அப்ப ஏன் அண்டைக்கு என்ன அறைஞ்சீங்க?"

"பொம்புளைட பேரைச் சொல்லித் தப்பிக்கப் பாத்தீங்க. அதுக்கு அறைஞ்ச. அளவு என்ட எண்டது உண்மைதானே?"

அவர் என்னை நம்பியிருந்தார். டின்னை முகர்ந்தே மண்ணெண்ணெயைப் பிடிக்கிற மனுசி, திரைக்கு இப்பால் நின்ற என் ஒரு சொல்லை நம்பி, ஒன்பது வருடம் தன் அளவைச் சந்தேகப்பட்டிருக்கிறார்.

"மூணு பேணி போட்ட நான்" என்றேன்.

"செம்பு?"

"பாக்கல்ல."

கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். கை வரட்டும் என்று இருந்தது, உண்மையில் அது வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வரவில்லை. அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது அவர் அபாயாவை மாட்டிக்கொண்டிருந்தார். பொத்தானைத் தப்பான துளையில் ஏற்றி, கழற்றி, திரும்பப் போட்டார்.

"வாங்க" என்றார்.

இரண்டு தெரு. அவர் முன்னால், நான் பின்னால். கடைத்தெரு முழுவதும் விழித்திருந்த நேரம். அந்தத் தொழிலாளியின் வீட்டுப் படலையில் அவர் தட்டினார். அவன் வந்தான், மிச்சமிருந்த இரண்டு விரலால் கொண்டியைத் தூக்கினான். ராத்தாவைக் கண்டதும் முகம் சுருங்கியது. "திரும்பவும் வந்திட்டயா?" என்றான். ராத்தா என்னை முன்னால் விட்டுவிட்டு, நடு ரோட்டுக்குப் போய் நின்றுகொண்டார்.

"அந்த ஒயிலைக் கலந்தது நான்" என்றேன். "ராத்தாட அளவில பிழை இல்ல. நான்தான் மூணு மடங்கு போட்ட."

அவனுக்கு விளங்கவில்லை. "என்ன?" என்றான். பக்கத்து வீடுகளில் கதவு திறந்தது. ஒரு ஓட்டோ நின்றது. கேட்கிற காதுப் பக்கமாக, எனக்குப் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"சத்தமாச் சொல்லுங்க சேர். ரோட்டுக்குக் கேக்கல்ல."